ஷூவுக்குள் இருந்த மெட்டி

புதிதாக மூன்று பெண்கள் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். கேட்ட சந்தோஷத்தில் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன். பொங்கி அடுப்பையே நனைத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் நான் ஒருத்தியாகப் பார்த்த வேலைக்கு இப்போது மூன்று பேர்! எனக்கு எழுத்துத் தெரியாது. ஆபீசில் இருக்கிற பெண் எதிரே உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே போட்டால் படிக்கிறவர்களுக்குச் சிரமம் என்று புத்தகத்து நடையில் மாற்றி எழுதுகிறாளாம். மாற்றிக்கொள்ளட்டும். விஷயத்தை மாற்றாமல் இருந்தால் போதும்.

நம் வேலையை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டை விட்டுவிட்டு, ஒற்றையடிப் பாதையில் மலை ஏற ஆட்கள் வருகிறார்கள். காலேஜ் பிள்ளைகள், ஆபீஸ்காரர்கள், டாக்டர் நடக்கச் சொன்னதால் வருகிற வயசாளிகள். வழி தெரிந்த ஒருவர் முன்னால் போவார். யாரும் பின்தங்கிக் காணாமல் போகாதபடி ஒருவர் கடைசியில் நடக்க வேண்டும். அந்தக் கடைசி ஆள் நான். இனி நீங்கள்.

என் சம்பந்தியம்மா கல்யாணம் பேச வந்தபோது, "நீங்க என்ன வேலைங்க?" என்று கேட்டாள். "எல்லாருக்கும் கடைசியா நடக்கறதுங்க" என்றேன். "அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளே ஒரு நாள் எங்களோடு வந்து, பாதி மலையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். அன்று அவளுக்குப் பக்கத்தில் இருந்தது யார்? கடைசி ஆள்தான்.

கடைசியில் நடக்கிறவளுக்கு முதுகும் குதிகாலும்தான் தெரியும். முகம் தெரியாது. ஒரு தடவை ரேஷன் கடையில் ஒருவர், "என்னைத் தெரியலியாம்மா? போன மாசம் மலைக்கு வந்தேனே" என்றார். "கொஞ்சம் திரும்பி நாலு எட்டு நடங்க பார்க்கலாம்" என்றேன். நடந்தார். உடனே தெரிந்துவிட்டது, வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற ஆள். வரிசையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்கு அதில் பெருமைதான். அந்தப் பெருமை பின்னால் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்லத்தான் இத்தனையும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முன்னால் போகிற சார் ஒன்று சொல்லிக் கொடுத்தார். கொப்புளம் திடீரென்று வராது, முதலில் அந்த இடத்தில் சூடு தெரியும் என்றார். உள்ளே ஒரு நெருப்புக்குச்சி உரசின மாதிரி. அப்போதே நிறுத்தி, சாக்ஸைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டினால் கொப்புளமே வராது. ஆனால் யாரும் நிற்க மாட்டார்கள். என்னால் எல்லாருக்கும் நேரமாகிறதே என்ற வெட்கம். ஒரு பேங்க் மேனேஜர் அப்படித்தான் வாயே திறக்காமல் நடந்தார். கேட்டால் "நல்லாருக்கேம்மா, நல்லாருக்கேம்மா" என்பார். மேலே போய்ச் சேர்ந்தபோது சாக்ஸ் தோலோடு ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து நான் வாயை நம்புவதில்லை, நடையைத்தான் நம்புவேன். பின்னால் இருந்து பார்த்தே, "ஏம்ப்பா, இடது குதிகால் சுடுதா?" என்று கேட்பேன். "எப்படித் தெரிஞ்சுது?" என்று வாயைப் பிளப்பார்கள்.

சரி, கோகிலாவுக்கு வருகிறேன்.

கோகிலாவுக்குப் புதுச்சத்திரம். முப்பத்தைந்து வயசு இருக்கும், இரண்டு பிள்ளைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூட்டத்தோடு வந்தாள். வந்தவர்களெல்லாம் கூலிங் கிளாஸும் தொப்பியுமாக இருக்க, இவள் சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாக, யாரோடும் பேசாமல், எனக்கு ஒரு எட்டு முன்னால் நடந்தாள். பாதி வழியில் நடை மாறியது. இடது பாதத்தை முழுசாக ஊன்றாமல் வெளி ஓரத்தில் ஊன்றினாள்.

"ஏம்மா, குதிகால் கடிக்குதா?"

"ஆமாங் பெரீம்மா. லேசாங்க."

உட்கார வைத்தேன். சாக்ஸைக் குதிகால் வரைக்கும் இறக்கிப் பார்த்தேன். லேசான சிவப்பு. பிளாஸ்திரி ஒட்டினேன். ஒட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். பேசாத பெண்ணைப் பேச வைப்பது எனக்குப் பிடித்த வேலை.

"ஊட்ல தொணைக்கு யாருமில்லாம தனியா மலைக்கு வந்திருக்கியே?"

"சும்மா வல்லீங்க. வனக்காவலர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கனுங்க. பரிச்சையில பாஸாயிட்டேன். இனி நடந்து காட்டோணும். நாலு மணி நேரத்துல பதினாறு கிலோமீட்டர்."

"அட, அவ்வளவுதானா? நீ ஆடு மேய்க்கப் போனாலே அவ்வளவு நடப்பியே!"

"செருப்போட நடப்பனுங்க. ஷூப் போட்டு அவ்வளவு தூரம் நடந்ததே இல்லீங்க. போன வாரம் எங்கூர் ரோட்டுல நடந்து பாத்தேன். பாதியில காலு போயிருச்சு. மீதிய நொண்டிக்கிட்டே வந்தேன். அன்னிக்கு மட்டும் பரிச்சைன்னா போச்சுங்க." சாக்ஸை மேலே இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாள்: "இந்த வாட்டி உட்டா வயசு தாண்டிரும் பெரீம்மா. மறுக்கா எழுத முடியாதுங்க."

அவள் வீட்டுக்காரர் போர் போடுகிற ரிக் வண்டியில் வேலை. வடக்கே எங்கேயோ, பாஷை தெரியாத ஊரில், பூமியைத் துளைத்துக்கொண்டு இருக்கிறார். வருஷத்தில் பொங்கலுக்கும் ஊர் நோன்பித் திருவிழாவுக்கும்தான் வருவார். இவளுக்கு வேலை கிடைத்தால் அவரைத் திரும்ப வந்துவிடச் சொல்லலாம் என்று ஆசை. அதை அவள் சொல்லவில்லை. "எங்கூட்டுக்காரரு போன தடவ வந்தப்ப சின்னவன் அவருகிட்டப் போகவே இல்லீங்க, மாமான்னு கூப்புட்டான்" என்று மட்டும் சொன்னாள். எனக்குப் போதுமானதாக இருந்தது.

நடைத் தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. "நான் உன்னோட நடக்கிறேன், வா" என்று சொல்லிவிட்டேன். யாரும் கேட்காமல் இப்படி வாக்குக் கொடுக்கிற பழக்கம் எனக்கு உண்டு. என் மகன் திட்டுவான்.

வாரத்துக்கு இரண்டு நாள் விடியற்காலை நாமக்கல் பஸ் பிடித்துப் புதுச்சத்திரத்தில் இறங்குவேன். பெரிய ரோட்டை விட்டு உள்ளே போனால் மரவள்ளிக் காடும் கோழிப்பண்ணையுமாக நல்ல சமதரை. அவள் முன்னால் நடப்பாள், நான் பின்னால். மலையில் நடந்து பழகிய எனக்குச் சமதரையில் நடப்பது தூக்கம் வருகிற மாதிரி இருந்தது. டீக்கடைக்காரர் மூன்றாம் நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார்: "ஏனுங்கம்மா, அந்தப் புள்ளையத் தொரத்திக்கிட்டே திரியறீங்களே, உங்க சங்கிலிய அத்துக்கிட்டு ஓடுதா?"

"ஆமாங்க. ஆனா மெதுவா ஓடுது, புடிச்சிருவேன்" என்றேன்.

ஆனால் விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. ஆறு கிலோமீட்டர் வரைக்கும் அருமையாக நடப்பாள். கையை வீசி, தலை நிமிர்ந்து, பார்க்கவே ஆசையாக இருக்கும். அதற்குப் பிறகு இடது பாதம் ஓரத்துக்குப் போய்விடும். நான் நிறுத்திக் குதிகாலைப் பார்ப்பேன். சிவப்புக்கூட இருக்காது. கயிற்றை இறுக்கிக் கட்டச் சொன்னேன். தளர்த்திக் கட்டச் சொன்னேன். சாக்ஸை மாற்றச் சொன்னேன். பவுடர் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். "வெறுங்காலோட நடந்துர்றனே பெரீம்மா" என்றாள் ஒரு நாள். நான் வராத நாளில் அப்படியே போய்ப் பார்த்தாளாம். வெயில் ஏறினதும் தார் ரோடு அவளைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டது.

கடைசியில் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். "ஷூ சின்னது. ஒரு நம்பர் பெருசா வாங்கு" என்றேன். வாங்கினாள். பெரிய ஷூவில் குதிகால் மேலும் கீழும் வழுக்கியது. அதுவரை இல்லாத குதிகால் கொப்புளம் அன்றைக்கு நிஜமாகவே வந்தது. எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி! பார்த்தாயா, நான் சொன்ன குதிகால்தான் என்று. எவ்வளவு பெரிய மடத்தனம் பாருங்கள். என் பேச்சைக் கேட்டு வந்த கொப்புளத்தையே என் பேச்சுக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது பழைய ஷூவோடு முழுத் தூரமும் நடந்து பார்க்கலாம் என்று கிளம்பினோம். பத்துக் கிலோமீட்டர் தாண்டியிருக்கும். ஒரு வாய்க்கால் பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முதுகு ஆடியது. அழுகிறாள் என்று பின்னால் இருந்தே தெரிந்தது.

அன்றுதான் முதல் தடவையாக நான் அவளைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனேன். சுவர்மேல் உட்கார வைத்து, ஷூவைக் கழற்றி, சாக்ஸை முழுசாக உருவினேன். குதிகால் வரைக்கும் இல்லை, முழுசாக.

கட்டைவிரலுக்கு அடுத்த விரல் வீங்கிக் கருத்துப்போயிருந்தது. அதில் மெட்டி. முத்து வைத்த கனமான வெள்ளி மெட்டி, சதைக்குள் புதைந்து பாதிதான் வெளியே தெரிந்தது. அது உரசி உரசிக் கட்டைவிரலின் உள்பக்கம் ஒரு கொப்புளம் உடைந்து ஈரமாக இருந்தது. மறுபக்க விரலில் இன்னொன்று உடையக் காத்திருந்தது. உரசாமல் இருக்க மெட்டியைச் சுற்றித் துணிக் கிழிசல் ஒன்றைக் கட்டியிருந்தாள். அது சுருண்டு இன்னும் மோசமாக்கியிருந்தது.

"எத்தன நாளா இப்படி?"

"மொத நாள்லருந்துங்க."

"மலையில கேட்டேனே, குதிகால் கடிக்குதான்னு!"

"குதிகாலும் லேசாக் கடிச்சுதுங்களே. நீங்க அதத்தான கேட்டீங்."

அவள் சொன்னது சரிதானே? கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்டால் ஆட்கள் அந்தப் பதிலைத்தான் திருப்பித் தருவார்கள். "எங்கே வலிக்கிறது?" என்று நான் ஒரு நாள் கூடக் கேட்கவில்லை. நம் ஊர்ப் பெண்கள் செருப்போடு நடக்கிறவரைக்கும் மெட்டி ஒன்றும் செய்யாது, விரலுக்கு இடம் இருக்கிறது. ஷூவுக்குள் இடமில்லை. தூரம் போகப் போகக் கால் வேறு வீங்கும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் என்னோடு மலை ஏறிய பெண்களில் பாதிப் பேர் கல்யாணம் ஆகாத காலேஜ் பிள்ளைகள், மீதிப் பேர் செருப்போடு வருகிறவர்கள். நான் குதிகாலையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

"மெட்டியக் கழட்டிரலாம்" என்றேன்.

காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "வேண்டாங் பெரீம்மா. நீங்க இதத்தான் சொல்லுவீங்கன்னுதான் நான் வாயே தொறக்குல."

"காலு அழுகிப் போயிரும்மா."

"போனாப் போகுதுங்க. அவரு எங்கயோ மெசினுக்கு அடியில நிக்கறாரு. போன வருசம் பக்கத்து வண்டிக்காரனுக்குக் கையே போச்சு. நான் இங்க மெட்டியக் கழட்டிப் போட்டுட்டு நடந்தன்னு வெச்சுக்கங்க, அங்க ஏதாச்சும் ஒண்ணுன்னா என்ற மனசு என்னைய உடுமாங்க? எங்கத்தை உடுமா?"

நானும் மெட்டி போட்டிருந்தவள்தான். என் வீட்டுக்காரர் செத்துப்போன அன்றைக்குத்தான் கழற்றினேன். "அதெல்லாம் சும்மா" என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகளா, இந்த வேலையில் ஒருத்தரின் பயத்தைப் பார்த்துச் சிரித்தால் அதற்குப் பிறகு அவர்கள் காலைக் காட்ட மாட்டார்கள்.

முட்டை ஏற்றப் போன ஒரு வண்டியில் அவளை உட்கார வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க அவள் மாமியாரோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன். அந்த அம்மாவை அதுவரை நான் பார்த்ததில்லை. கோகிலா சொன்னதை வைத்துப் பெரிய ராட்சசியாக எண்ணியிருந்தேன். பார்த்தால் ஒல்லியாக, ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவி. காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்கதானா அந்தக் காலு டாக்டரு?"

"டாக்டர் இல்லீங்க, பின்னால நடக்கறவ."

"பின்னால நடந்தும் இத்தன நாளா இது கண்ணுல படுலீங்களா?"

சுருக்கென்று இருந்தது. நியாயமாகவும் இருந்தது. அவரே கோகிலாவின் போனை எடுத்து அவளிடம் நீட்டினார். "கட்டுனவனையே கேட்டுரு. எனக்கும் உனக்கும் எதுக்குப் பேச்சு."

போனில் மெஷின் சத்தம்தான் முதலில் வந்தது. சத்தம் கேட்காத தூரத்துக்கு அவர் நடந்து போகிற வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் போனைச் சுற்றி நின்றோம்.

"மாமா, நடக்கறதுக்கு மெட்டியக் கழட்டோணும்ங்கறாங்க. காலு வீங்கிப் போச்சு. என்ன பண்ணட்டும்?"

"என்றா, பேச்சக் காணோம்?" என்று மகனை அதட்டினார் மாமியார்.

"கழட்டச் சொல்லும்மா." கொஞ்சம் இழுத்து, "நானே ரிக்கு ஏறுன மொத நாள் மோதரத்தக் கழட்டிட்டேன்" என்றார்.

"எந்த மோதரம்?" என்றாள் கோகிலா.

"கண்ணாலத்து மோதரந்தான்."

"கண்ணாலத்து மோதரமா!"

"ராடு மாட்டறப்ப மோதரம் சிக்குனா விரல் கையோட வராது கோகிலா. கழட்டலன்னா வண்டியில ஏறாதேன்னு டிரைவரண்ணன் சொல்லிட்டாரு. பொட்டியில பத்தரமா இருக்குது. ஊருக்கு வரப்ப சேலம் ஜங்சன்ல எறங்குனதும் மாட்டிக்குவேன்."

"எட்டு வருசமாவா?"

"எட்டு வருசமாத்தான்."

"பொங்கலுக்கு வந்தப்ப அழுக்கா இருக்குதேன்னு சீயக்காப் போட்டுத் தேச்சுக் குடுத்தனே! அப்பக்கூடச் சொல்லலியே நீங்க!"

"அழுக்கு இல்ல கோகிலா, வெள்ளி பொட்டிக்குள்ள கெடந்து கருத்துப் போச்சு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். கோகிலா அழுதுகொண்டே அவரைத் திட்டினாள். மாமியார் போனை வாங்கி, "மீதிய ஊருக்கு வா, பேசிக்கறேன்" என்று வைத்துவிட்டு, மருமகள் பக்கம் திரும்பினார்.

"அவன் எட்டு வருசமா வெறுங்கையோட இருக்கறான். நீ நல்லாத்தான இருக்கறே, சாமி?"

"நல்லாத்தானுங்கத்தை இருக்கறேன்."

"உன்னைய ஒண்ணும் பண்ணாதது அவன மட்டும் வந்து என்ன பண்ணிரும்? காலக் காட்டு."

பிள்ளைகளா, நான் பள்ளிக்கூடம் போகாதவள். படித்தவர்கள் வழக்குப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு நேராக ஒருத்தர் தீர்ப்புச் சொல்லி நான் கேட்டதில்லை. அவரைப் பற்றி வழியெல்லாம் நினைத்ததற்கு மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஆனால் மெட்டி வரவில்லை. சோப்புப் போட்டேன், தண்ணீரில் வைத்தேன், காலைத் தூக்கி என் தோள்மேல் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்தேன். அசையவில்லை. ஆசாரியிடம் போய் வெட்டிவிடலாம் என்றேன். மாமியார் தையல் நூலைக் கொண்டுவந்தார். நூலின் ஒரு முனையை மெட்டிக்கு அடியில் நுழைத்துவிட்டு, மீதியை விரல் நுனிப்பக்கம் நெருக்கமாகச் சுற்றினார். வீக்கம் நூலுக்குள் அடங்கிக்கொண்டது. பிறகு அடியில் நுழைத்த முனையைப் பிடித்து மெதுவாகச் சுற்றைப் பிரிக்கப் பிரிக்க, மெட்டி ஒவ்வொரு சுற்றாக முன்னால் நகர்ந்து வந்து அவர் கையில் விழுந்தது. கோகிலா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாளே தவிரக் கத்தவில்லை. நான் இருபது வருஷத்துக்கு மேல் காலோடு பழகினவள், அந்த வித்தையை அந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டேன். வலது கால் மெட்டி தானாகவே வந்துவிட்டது. இரண்டையும் மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

அடுத்தது எனக்குச் சோதனை. "ஒரு வாரம் நடக்கக் கூடாது" என்று சொன்னேன். கோகிலாவுக்கு மெட்டி கழற்றினபோது வராத கோபம் அப்போது வந்தது.

"பன்னெண்டு நாள்தானுங்க இருக்குது! ஒரு வாரம் உக்காந்துட்டா நான் எப்ப நடந்து பழகறது?"

"புண்ணோட நடந்து பழகுனா புண்ணுதான் பழகும்."

"நீங்க சொல்லித்தான பெரிய ஷூ வாங்கினேன்?"

"ஆமா. அது தப்பு. இது தப்பில்ல."

எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. நான் சொன்னது மறுபடியும் தப்பாகிப் போனால் அவள் வாழ்க்கை போய்விடும். ஒரு தடவை தப்பாகச் சொன்னவள் அடுத்த தடவை சொல்லப் பயப்படுவாள். நீங்களும் பயப்படுவீர்கள். பயந்துகொண்டே சொல்லுங்கள். சும்மா இருப்பது எதிரே இருக்கிறவளை நட்டாற்றில் விடுவது. ஏழாம் நாள் தோல் மூடி இளஞ்சிவப்பாக இருந்தது. எட்டாம் நாள் மூன்று கிலோமீட்டர், பத்தாம் நாள் எட்டு. பாதம் முழுசாகத் தரையில் பதிந்தது. நான் பின்னால் போகவில்லை, பக்கத்தில் நடந்தேன்.

தேர்வு அன்று விடியும்போதே சேலத்துக்கு வெளியே தேர்வு நடக்கிற ரோட்டுக்குப் போய்விட்டோம். நானும் மாமியாரும். கூட வருகிறவர்களைத் தடுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு கூட்டமாகப் பெண்கள் கிளம்பிப் போனார்கள். கோகிலா நல்ல வேகம். மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவாள் என்று மாமியாரிடம் சொன்னேன்.

மூன்று மணி நேரம் ஆனது. ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கோகிலா வரவில்லை. மூன்றரை ஆனது. "கடியாரம் சரியா ஓடுதாங்க?" என்று மாமியார் போலீஸ்காரர் ஒருவரிடம் போய்க் கேட்டார். ஒரு வாரம் உட்கார வைத்தேனே, அதுதான், அதேதான் என்று தோன்றியது. முடிய ஐந்தாறு நிமிஷம் இருக்கும்போது வளைவில் இரண்டு பேர் தெரிந்தார்கள். கோகிலாவும், எனக்குத் தெரியாத இன்னொரு பெண்ணும். அந்தப் பெண் நொண்டினாள். கோகிலா அவளுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே என்னவோ பேசிக்கொண்டே வந்தாள், அதட்டுகிற மாதிரி. கோட்டைத் தாண்டினார்கள். நேரம் இருந்தது. கொஞ்சம்தான்.

வெளியே வந்தவளைப் பிடித்து உலுக்கினேன். "எங்கடி போனே?"

அந்தப் பெண் கெங்கவல்லிக்காரி. எட்டாவது கிலோமீட்டரில் இவளுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாளாம். இடது பாதத்தை வெளி ஓரத்தில் ஊன்றி. கோகிலா போய்ப் பக்கத்தில் நடந்து, "எங்க வலிக்குது?" என்று கேட்டிருக்கிறாள். குதிகாலா என்று கேட்கவில்லை. "விரல்லக்கா" என்றாளாம் அவள். "மெட்டியா?" "ஆமாக்கா. கழட்டக் கூடாதுன்னு வூட்ல சொல்லியிருக்காங்க." கோகிலா தன் ஷூவை அங்கேயே கழற்றி, சாக்ஸை உருவி, மெட்டி இருந்த இடத்து வெள்ளைத் தடத்தைக் காட்டியிருக்கிறாள். "நான் கழட்டிப் பன்னெண்டு நாளாச்சு. என்ற புருசன் உசுரோடதான் இருக்காரு. காத்தால கூடப் போன்ல சண்டை போட்டாரு."

பிறகு அவளை ரோட்டோரம் உட்கார வைத்து, தன் சுடிதார் ஓரத்தில் நூலை உருவி, மாமியார் செய்த மாதிரியே சுற்றி, இரண்டு கால் மெட்டியையும் கழற்றிக் கொடுத்து, நான் கொடுத்தனுப்பிய பிளாஸ்திரியை ஒட்டி எழுப்பியிருக்கிறாள். இதெல்லாம் ஓடுகிற கடிகாரத்துக்கு நடுவில். அதற்குப் பிறகும் அவளை விட்டுவிட்டு முன்னால் வரவில்லை.

"உன் வேலைக்குப் போட்டியா வந்தவடி அவ!" என்றேன். கோபமில்லை, பயம் போன பிறகு வருகிற கத்தல்.

"தெரியும்ங் பெரீம்மா" என்றாள். அவ்வளவுதான்.

அவளை விட நடையில் கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். மலையை ஓடியே ஏறுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த ரோட்டில் உட்கார்ந்து நூல் உருவின பெண்ணைப் போல இன்னொருத்தியைப் பார்த்ததில்லை. பிள்ளைகளா, நடக்க வருகிறவர்களிடம் கிளம்பும் முன்பே, கால் வீங்கும் முன்பே, மெட்டியும் கொலுசும் உண்டா என்று கேளுங்கள். ஒரு தடவையாவது முன்னால் போய்ப் பாருங்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நடக்க நடக்க வரும்.

சில மாதம் கழித்து லிஸ்ட் வந்தபோது நான் புதுச்சத்திரத்தில் இருந்தேன். கோகிலாவின் பெரிய மகன் போனில் பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனான். அம்மாவின் பெயரைப் பார்த்துக் கத்தினான். கிட்டத்தட்ட அடியில் இருந்தது, ஆனால் இருந்தது. அதற்கு நேர் மேலே கெங்கவல்லிப் பெண்ணின் பெயர்.

மாமியார் அதைக் கேட்டு விரல்விட்டுக் கணக்குப் போட்டார்.

"ஏ அம்மிணி, அவளோட எடம் தீந்திருந்தா அவ வேலைக்குப் போயிருப்பா, நீ இங்கயே ஆட்டுக்குத் தழை கட்டிக்கிட்டு இருந்திருப்பே, தெரியுமா?"

"ஆமாங்கத்தை. போயிருப்பா" என்றாள் கோகிலா. "நொண்டாமப் போயிருப்பா."